'நைஸ்' என்னும் சொல்

கல்லூரி வளாகத்தில் சற்று நேரம் நடந்தால் 'நைஸ்' என்னும் சொல் காதில் விழாமல் இராது. படம் நைஸ், சட்டை நைஸ், தேர்வு முடிவு வரும் வரையில் பேராசிரியரும் நைஸ்! இச்சொல்லின் பழம்பொருள் 'அறிவிலி' என்றால் நம்புவீர்களா?

இலத்தீன் மொழியில் 'ஸ்கீரே' என்றால் அறிதல். எதிர்மறை காட்டும் 'நே' அதனோடு சேர்ந்து பிறந்த 'நெஸ்கியுஸ்' என்பதற்கு அறியாதவன் என்று பொருள். அது பழைய பிரெஞ்சின் வழியாகக் கி.பி. 1300ஐ ஒட்டி ஆங்கிலத்தில் புகுந்தபோது, மூடத்தனமான என்ற பொருளையே சுமந்து வந்தது. 'சயன்ஸ்' என்பதும் அதே 'ஸ்கீரே'யின் வழித்தோன்றலே. அறிவியல் மாணவர்கள் கவனிக்க!

பின்னர் இச்சொல் பல பொருள்களில் அலைந்து, 16ஆம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம் என்னும் பொருளைப் பெற்றது. இனிமையான என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. மொழிநூலார் இதனை உயர்பொருட்பேறு என்பர். கள்ளுண்டு மகிழ்தலைக் குறித்த நம் 'களிப்பு' இன்று பொதுவான மகிழ்ச்சியைக் குறிப்பதும் இவ்வகையே.

இந்த மாற்றம் எல்லாருக்கும் உவப்பாக இல்லை. ஜேன் ஆஸ்டின் மறைந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்த்தங்கர் அபே' நாவலில், ஒரு நூலை நைஸ் என்று புகழும் கேத்தரீனை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். நுண்மை குறித்த சொல்லை எதற்கெடுத்தாலும் வழங்குகிறார்களே என்பது அவன் குறை. அவன் பேச்சு சுவையானதுதான். ஆனால் வழக்கே வென்றது.

எனினும் பழைய பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்பதை மாணவர் ஒருவர் 'இனிய வேறுபாடு' என மொழிபெயர்த்திருந்தார். நுண்ணிய வேறுபாடு என்பதே சரி. தமிழ் வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர் அவர். "எனக்கு ஆங்கிலம் வராது ஐயா" என்று விடைத்தாளை மடித்துவிட்டார். உங்கள் வீட்டில் இட்லிக்கு உளுந்தை எப்படி அரைப்பார்கள் என்று கேட்டேன். "நைஸாக" என்றார். அந்த நைஸ் இனிமையா, நுண்மையா என்றேன். மடித்த தாளை மீண்டும் விரித்தார்.

ஒன்று மட்டும் எஞ்சுகிறது. கடைசி மணிக்கு முன்பே சிலர் வகுப்பிலிருந்து 'நைஸாக' நழுவுகிறார்களே, அந்தப் பொருள் ஆங்கிலேயரின் அகராதியில் இல்லை. அது முழுக்க முழுக்க நம்மவர் ஆக்கம்.