பன்னிரண்டு வாரம் பொறுத்திருப்போம்

எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை. அழிப்பானால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்திருந்தது. விடைகளைப் பார்த்தேன். எல்லாம் சரி. அழித்த இடத்தில் மறுபடி எழுதியிருந்ததும் அதே விடைதான்.

அந்த மாணவியை இங்கே மலர் என்று அழைக்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். தேர்வில் பாதி வினாக்களை எழுதாமல் விட்டுவிடுவாள். கழிப்பறைக்குப் போனால் திரும்பிவர இருபது நிமிடம் ஆகும். புறங்கைகள் வறண்டு வெடித்திருந்தன. ஒரே பாடவேளையில் பத்து முறையாவது, “டீச்சர், இந்த ஏழு சரியா இருக்கா?” என்று கேட்பாள். ‘மெதுவான பிள்ளை’ என்று நினைத்துக்கொண்டேன். சில நாள் கடிந்தும் பேசியிருக்கிறேன்.

அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அப்பா லாரி ஓட்டுநர். எண்ணைச் சரியாக எழுதாவிட்டால் அப்பாவின் வண்டிக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற எண்ணம் அவளை விடாமல் துரத்தியது. அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பரிசோதித்து, இது எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி. என்று சொன்னார்கள். எதிர்கொள்ளும் பயிற்சியோடு செர்ட்ராலின் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள்.

நான் செய்த தவறு

மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. முதல் பாடவேளையிலேயே மலர் மேசையில் தலைசாய்த்துத் தூங்கினாள். அழிப்பதும் குறைந்தபாடில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவை அழைத்து, “சின்னப் பிள்ளைக்கு எதுக்கும்மா மனநல மாத்திரை? ஆறு வாரம் ஆகியும் ஒண்ணும் தெரியலையே. நிறுத்திட்டு தியானம் சொல்லிக் குடுங்க” என்றேன்.

பெற்றோர் நம் சொல்லை எவ்வளவு நம்புகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அன்றே மாத்திரை நின்றது. மூன்றாம் நாள் மலருக்குத் தலைசுற்றல், குமட்டல். காரணமில்லாமல் அழுகை, எரிச்சல். காலாண்டுத் தேர்வில் இரண்டு தாள்களை எழுதவே இல்லை. மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது, குறைந்த அளவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. ஆறு வார முயற்சி வீணானது. அதற்குக் காரணம் நான்.

“டீச்சர்தான் சொன்னாங்க” என்று அம்மா சொல்லியிருக்கிறார். மருத்துவர் என்னைப் பார்க்க விரும்பினார். ஒரு சனிக்கிழமை அவர்களோடு போனேன். அவர் கோபப்படவில்லை. “பிள்ளை தூங்குறதை நீங்க கவனிச்சது நல்லது. அதை எங்ககிட்ட சொல்லியிருந்தா, காலையில சாப்பிடுற மாத்திரையை ராத்திரிக்கு மாத்தியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம்” என்றார்.

அன்று அவரிடம் கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டவற்றை ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்பதால், நம்மில் பலர் இப்படியொரு மாணவரைச் சந்திக்கவே செய்வோம்.

மாத்திரை என்ன செய்கிறது?

செர்ட்ராலின், ஃப்ளூயாக்ஸடின், ஃப்ளூவாக்சமின் போன்றவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்னும் மருந்து வகையைச் சேர்ந்தவை. நரம்பணுக்கள் வெளியிடும் செரட்டோனின் உடனே திரும்ப உறிஞ்சப்படுவதை இவை தடுக்கின்றன. இந்த மாற்றம் விரைவிலேயே நடந்துவிடுகிறது. ஆனால் அதன் பலன் வெளியே தெரிய வாரங்கள் ஆகும். ஓ.சி.டி.யில் ஒரு மருந்து உதவுகிறதா என்று முடிவு செய்ய, போதுமான அளவில் 8 முதல் 12 வாரம் வரை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆறாவது வாரத்தில் நான் தீர்ப்பு எழுதியது, பாதித் தேர்வில் விடைத்தாளைப் பிடுங்கி மதிப்பெண் போட்டது போல.

அளவைப் பற்றியும் ஒரு பயம் உண்டு. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓ.சி.டி.க்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு தேவைப்படும். எனவே மருத்துவர் அளவைக் கூட்டினால், நோய் முற்றிவிட்டது என்று பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

மாத்திரை மட்டும் போதுமா? 2004இல் அமெரிக்காவில் ஓ.சி.டி. உள்ள 7 முதல் 17 வயது வரையிலான 112 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வின் முடிவு வெளியானது. நோய் பெருமளவு நீங்கியவர்கள், மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 54 பேர். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 39 பேர். செர்ட்ராலின் மட்டும் பெற்றவர்களில் 21 பேர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 4 பேர். மாத்திரை எண்ணத்தின் இரைச்சலைக் குறைக்கிறது. அந்த இடைவெளியில், பயத்தை எதிர்கொண்டு, கை கழுவாமலும் அழிக்காமலும் இருந்து பழகுவது பயிற்சி. அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி வகுப்பறையில்தான் நடக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியவை

முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல், வயிற்றுவலி, தலைவலி, தூக்கமின்மை அல்லது தூக்கக் கலக்கம் வரலாம். பெரும்பாலும் தானாகக் குறையும். பெற்றோரிடம் சொல்லி, அவர்கள் வழியாக மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும்.

வழக்கத்துக்கு மாறான பரபரப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாமை, திடீர்க் கோபம், யோசிக்காமல் செய்யும் துடுக்குத்தனம் ஆகியவை வேறு. தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாறும்போதும் இவை தோன்றலாம். ‘சேட்டை’ என்று தண்டிக்காமல் அன்றே தெரிவிக்க வேண்டும்.

மிக முக்கியமானது ஒன்று. 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மனச்சோர்வு நீக்கி மருந்துகள் குறித்து ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 4,400க்கும் மேற்பட்ட குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பங்கேற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தற்கொலை எண்ணமோ அது சார்ந்த நடத்தையோ வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 2 பேரிடமும், மருந்து பெற்றவர்களில் 4 பேரிடமும் தெரிந்தது. அந்த ஆய்வுகளில் யாரும் தற்கொலையால் இறக்கவில்லை. மருந்தே கூடாது என்பது இதன் பொருளன்று. தொடக்க வாரங்களில் பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே பொருள்.

“நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்” என்பது போல ஒரு சொல் காதில் விழுந்தால் கடந்துபோகாதீர்கள். தனியாக அழைத்து, “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பிள்ளையைத் தனியே விடாமல், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, அன்றே மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். டெலி-மானஸ் இலவச எண் 14416இல் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

• மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ கூடாது. இது போதை மருந்தன்று. ஆனால் திடீரென நிறுத்தினால் உடல் தடுமாறும். நிறுத்தும் காலம் வரும்போது மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். குணம் தெரிந்த பிறகும் பொதுவாக ஓராண்டாவது தொடர வேண்டியிருக்கும்.

• ஒருவேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

• மாத்திரை பெரியவர்கள் பொறுப்பில், பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். புத்தகப் பையில் வேண்டாம்.

• காய்ச்சல், இருமல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும். டிராமடால் என்ற வலி மருந்தும், சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் இதனோடு சேர்ந்தால் ஆபத்து நேரலாம். காய்ச்சல், மிகுந்த வியர்வை, நடுக்கம், குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் அவசர சிகிச்சை தேவை.

கடைசிக் குறிப்பு நமக்கும்தான். சுற்றுலாவிலோ முகாமிலோ, பெற்றோரையோ மருத்துவரையோ கேட்காமல் இப்பிள்ளைகளுக்கு நாமாக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம்.

வகுப்பறையில் நான் மாற்றிக்கொண்டவை

“சரியா இருக்கா?” என்று மலர் கேட்கும்போதெல்லாம் “சரிதான்மா” என்று ஆறுதல் சொல்வதே அன்பு என்று நினைத்திருந்தேன். அந்த ஆறுதல்தான் நோய்க்குத் தீனி என்று மருத்துவர் விளக்கினார். மலரும் அம்மாவும் பயிற்சியாளரும் நானும் பேசி ஓர் உடன்பாடு செய்தோம். ஒரு முறை பதில் சொல்வேன். மறுமுறை கேட்டால், “இதுக்குப் பதில் சொல்லிட்டேன் கண்ணு. கேக்கணும்னு தோணுறதைக் கொஞ்சம் பொறுத்துப் பாரு” என்பேன். வகுப்பில் பென்சிலுக்குப் பதில் பேனா. தவறானால் ஒரே ஒரு கோடு. முதல் வாரம் கண்ணில் நீரோடு எழுதினாள். ஆனாலும் எழுதினாள்.

ஒரு சிறு குறிப்பேடும் வைத்தேன். தூக்கம், சோர்வு, எத்தனை முறை அழித்தாள், எழுதி முடித்தாளா என்று வாரம் இரண்டு வரி. மருத்துவமனைக்குப் போகும்போது அம்மா அதைக் கொண்டுபோவார். “பிள்ளை எப்படி இருக்கா?” என்ற கேள்விக்கு “பரவாயில்லைங்க” என்ற பதிலைவிட அந்த இரண்டு வரி மருத்துவருக்கு உதவியது.

ஆசிரியர் அறையில் இதைப் பேசுவதில்லை என்றும் முடிவெடுத்தேன். சிகிச்சை விவரம் இரகசியமாகக் காக்கப்படுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. தெரிய வேண்டியவர்கள் தலைமையாசிரியரும், பெற்றோர் சம்மதித்த ஆசிரியர்களும் மட்டுமே.

அரையாண்டுத் தேர்வில் மலர் ஒரு வினாவைத்தான் விட்டிருந்தாள். ஆண்டுத் தேர்வில் மணி அடிக்கும் முன்பே எழுதி முடித்தாள். எண்ணங்கள் அடியோடு போய்விடவில்லை. “வருது டீச்சர், ஆனா நான் கண்டுக்கிறதில்ல” என்கிறாள். இப்போது பத்தாம் வகுப்பு. மருத்துவர் மாத்திரையின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துவருகிறார். குறைக்கும் இந்த மாதங்களுக்காகக் குறிப்பேட்டை மறுபடி எடுத்திருக்கிறேன்.

மருந்து எழுதுவது நம் வேலையன்று. நிறுத்தச் சொல்வதும் நம் வேலையன்று. மருத்துவர் மாதத்துக்கு ஒரு முறை சில நிமிடம் பார்க்கும் பிள்ளையை நாம் தினமும் பார்க்கிறோம். பார்த்ததை, சொல்ல வேண்டியவரிடம் சொல்வோம். அந்தப் பன்னிரண்டு வாரமும் பிள்ளையோடு சேர்ந்து பொறுத்திருப்போம்.