யூதர் எழுதிய பண்டிகை அழைப்பு



திருவிழா நெருங்கும்போது வெளியூரிலிருக்கும் உறவினருக்கு அழைப்பு அனுப்புகிறீர்கள். அச்சடித்த நோட்டீசை உறையிலிட்டு, "அவசியம் வரவும்" என்று ஒரு வரி சேர்த்துத் தபாலில் போட்டுவிடுகிறவர்களே அதிகம். வேதாகமத்திலும் பண்டிகை அழைப்புக் கடிதங்கள் உண்டென்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மக்கபே இரண்டாம் ஆகமத்தைத் திறந்து பாருங்கள். யுத்தக் கதை என்று நாம் நினைக்கும் அந்த ஆகமம் யுத்தத்தோடு தொடங்கவில்லை, கடிதத்தோடு தொடங்குகிறது.

கி.மு. 167-ல் அந்தியோக்குஸ் என்னும் அரசன் ஜெருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தினான். கி.மு. 164-ல் யூதாஸ் மக்கபேயும் அவர் சகோதரரும் அதை மீட்டுச் சுத்திகரித்து, கிஸ்லேவ் மாதம் 25-ம் நாள் புதிய பீடத்தை அர்ச்சித்து, எட்டு நாள் கொண்டாடினார்கள். ஏன் எட்டு நாள்? சில காலத்துக்கு முன் கூடாரப் பண்டிகை வந்தபோது அவர்கள் மலைகளிலும் குகைகளிலும் மிருகங்களைப் போல் ஒளிந்து கிடந்தார்கள். அந்தப் பண்டிகையின் முறைப்படியே, பச்சைக் கிளைகளையும் குருத்தோலைகளையும் ஏந்தி இதைக் கொண்டாடினார்கள். இதுவே யூத வீடுகளில் இரவுக்கு ஒரு விளக்காகக் கூட்டி ஏற்றப்படும் ஹனுக்கா பண்டிகை. நமது ஆண்டவர் சேசுநாதர் குளிர்காலத்தில் சாலமோன் மண்டபத்தில் உலாவியது இப்பண்டிகை நாளிலேதான் என்று அர்ச். அருளப்பர் பத்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார்.

நாற்பது ஆண்டுகள் சென்றன. கி.மு. 124-ல் ஜெருசலேம் யூதர்கள் எகிப்திலிருந்த யூதர்களுக்கு, "நீங்களும் இந்த நாட்களைக் கொண்டாடுங்கள்" என்னும் கருத்தில் கடிதம் எழுதினார்கள். எழுதுவது எளிதாக இருந்திராது. எகிப்தில் லெயொந்தொப்பொலிஸ் என்ற இடத்தில், ஓனியாஸ் என்னும் குருகுலத்தவர் அரசனின் அனுமதியோடு வேறொரு தேவாலயமே கட்டியிருந்தார். ஆலயம் ஒன்றே, அது ஜெருசலேமில் இருப்பதே என்று நம்பி அதற்காக இரத்தம் சிந்தியவர்களுக்கு இச்செய்தி எப்படியிருந்திருக்கும்! நம் ஊரில் ஒரு கொடிமரத் தகராறு எத்தனை தலைமுறை நீடிக்கிறதென்று உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் கடிதத்தை வாசியுங்கள். "சகோதரர்" என்றே தொடங்குகிறது. சமாதான வாழ்த்துக்குப் பின், சர்வேசுரன் அபிரகாம், ஈசாக், யாக்கோபு என்பவர்களோடு செய்த உடன்படிக்கையை உங்களுக்காக நினைவுகூர்வாராக, உங்கள் மன்றாட்டைக் கேட்பாராக, உங்களோடு சமாதானமாவாராக, துன்பகாலத்தில் உங்களைக் கைவிடாதிருப்பாராக என வேண்டுகிறது. இங்கே உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறோம் என்கிறது. அதன்பிறகுதான் தங்கள் கதை: வாசல் எரிக்கப்பட்டது, மாசற்ற இரத்தம் சிந்தப்பட்டது, மன்றாடினோம், கேட்கப்பட்டோம், பலி செலுத்தினோம், விளக்கேற்றினோம், அப்பங்களை வைத்தோம். கடைசியில், ஒரே வாக்கியத்தில், அழைப்பு.

லெயொந்தொப்பொலிஸ் பற்றி ஒரு சொல் இல்லை. "சமாதானமாவாராக" என்ற வேண்டுதலில் அதைப் பற்றிய குறிப்பு ஒளிந்திருக்கிறதென்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். இருக்கலாம். அப்படியே இருந்தாலும், குற்றச்சாட்டு ஜெபமாக மாறியல்லவா வந்திருக்கிறது!

இன்னொன்றையும் பாருங்கள். "ஜெருசலேமுக்குப் புறப்பட்டு வாருங்கள்" என்று அவர்கள் எழுதவில்லை. இருக்கும் இடத்திலேயே நாட்களை அனுசரியுங்கள் என்றார்கள். வர முடியாத தூரத்திலுள்ள பிள்ளைகளுக்கு எழுதும் பெற்றோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

இதையடுத்து இரண்டாவது கடிதமொன்றும் இருக்கிறது. தோலெமேயு அரசனின் ஆசிரியரான அரிஸ்தொபூலுசுக்கும் எகிப்திய யூதருக்கும் எழுதப்பட்டது. மிக நீளமானது. நெகேமியாஸ் காலத்து அக்கினி, எரேமியாஸ் ஒளித்து வைத்த பேழை என்று பாட்டனார் பேசுவதுபோல் போய்க்கொண்டே இருக்கிறது. யுத்தத்தில் சிதறிய நூல்களை யூதாஸ் சேர்த்து வைத்திருக்கிறார், வேண்டுமானால் ஆளனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறது. அழைப்போடு புத்தகம் இரவல்! யூதர் தங்கள் வேத நூல்களோடு சேர்க்காத இந்த ஆகமத்தை நமது திருச்சபை காத்து வைத்திருப்பதால் இவ்வளவும் நமக்குக் கிடைத்தது.

எசேக்கியாஸ் அரசரின் அழைப்பு இதற்கும் பழையது. நாளாகமம் இரண்டாம் புத்தகம், 30-ம் அதிகாரம். வடநாட்டு இஸ்ராயேலர் பல தலைமுறைகளுக்கு முன்பே பிரிந்து போனவர்கள். அசீரியர் கையில் சிதைந்து, எஞ்சியோர் சிலரே. அவர்களையும் பாஸ்குப் பண்டிகைக்கு அழைத்துப் பெர்சபே முதல் தாண் வரை அஞ்சற்காரரை ஓடவிட்டார். குருக்களும் ஜனங்களும் ஆயத்தமாக இல்லாததால் பண்டிகையையே ஒரு மாதம் தள்ளி வைத்தார். ஊருக்கு ஊர் அஞ்சற்காரரை எள்ளி நகைத்தார்கள். என்றாலும் ஆசேர், மனாசே, சாபுலோன் குலங்களில் சிலர் தாழ்ச்சியோடு வந்தார்கள். வந்தவர்களில் பலர் சுத்திகரிப்புச் செய்யாமலே பாஸ்குவை உண்டுவிட்டார்கள். அரசர் அவர்களைத் துரத்தவில்லை. அவர்களுக்காக மன்றாடினார், சர்வேசுரனும் கேட்டருளினார். சந்தோஷத்தில் மேலும் ஏழு நாள் கொண்டாடினார்கள்.

எஸ்தேர் ஆகமத்தில் மர்தொகேய் அனுப்பிய கடிதத்தில், ஒருவருக்கொருவர் பலகாரம் அனுப்பவும் ஏழைகளுக்குக் கொடுக்கவும் கட்டளை இருக்கிறது.

சொத்துப் பங்கீட்டிலோ கலியாணப் பேச்சிலோ மனம் கசந்து, பல வருஷமாகத் திருவிழாவுக்கு வராத அண்ணனோ தங்கையோ உங்கள் வீட்டில் இருக்கலாம். நோட்டீசு மட்டும் அவர்களுக்குப் போதாது. இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் மக்கபே இரண்டாம் ஆகமத்தின் முதல் ஒன்பது வாக்கியங்களைப் பிள்ளைகளில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவர்களுக்காக ஜெபிக்கிறீர்களென்று முதலில் எழுதுங்கள். வயல் விஷயத்தைத் தொடாதீர்கள். திருவிழாத் தேதியைக் கடைசி வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.