கடவுச்சீட்டு பிரித்தானியா, வீடு நயினாதீவு: வரி எங்கே?

கேள்வி: எனக்கு வயது 73. நயினாதீவில் பிறந்தவன். 1980களில் லண்டன் போய், ஒரு தனியார் பாண் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்று, 2019 இல் மனைவியோடு ஊருக்குத் திரும்பினேன். பிரித்தானியக் கடவுச்சீட்டு இருக்கிறது. இரட்டைக் குடியுரிமையும் எடுத்திருக்கிறேன். அம்மன் கோயில் திருவிழா முடிந்து, ஆடி பிறந்ததும் லண்டனில் மகள் வீட்டுக்குப் போவோம்; கார்த்திகை பிறக்கும்போது திரும்புவோம். அரச ஓய்வூதியமும் கம்பனி ஓய்வூதியமும் சேர்ந்து மாதம் 1,350 பவுண் அளவில் வருகிறது. கம்பனி ஓய்வூதியத்தில் அங்கேயே வரி வெட்டுகிறார்கள். பாதிக் காசு வங்கியால் வரும். பாதியை உண்டியலில் எடுப்பேன். மகளும் திருவிழாவுக்கும் வீடு திருத்தவும் இடைக்கிடை அனுப்புவாள். இப்போது வங்கியில் டின் என்ற வரி இலக்கம் கேட்கிறார்கள். நிலையான வைப்பு வட்டியில் 10 வீதம் கழியாமல் இருக்க ஒரு படிவத்தில் கையொப்பம் வைக்கலாம் என்கிறார்கள். “வங்கியால வாற வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லை” என்றுதான் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். பிரித்தானியப் பிரசையான நான் இங்கே வரி கட்ட வேண்டுமா? பழைய கடவுச்சீட்டும், அங்கே வெட்டிய வரியைக் காட்டும் பி60 தாள்களும் என்னிடம் இல்லை.

பெயர் வேண்டாம், நயினாதீவு.

பதில்: கட்ட வேண்டும். அந்தப் படிவத்தில் கையொப்பம் வைக்க வேண்டாம். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால், நாளைக்கே வங்கிக்குப் போய் எழுத்தில் மீளப் பெறுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கத்துக்குக் குடியுரிமைக் கதை இருக்கிறது. இடமில்லாததால் அதைச் சுருக்கிவிட்டேன். வரிக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் ஒருவர் எந்த நாட்டுப் பிரசை என்று கேட்பதில்லை. எங்கே வதிகிறார் என்று கேட்கிறது. பன்னிரண்டு மாத காலத்தில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்தால் நீங்கள் வரிக்கு வதிவாளர். கார்த்திகை தொடக்கம் ஆனி முடியும்வரை நயினாதீவில் இருக்கிறீர்கள். அது எட்டு மாதம். இதில் வாதாட ஒன்றுமில்லை. வதிவாளர் ஆனவருக்கு உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமும் இங்கே கணக்கில் வரும். உங்கள் வழக்கைத் தீர்மானிப்பது இந்த ஒரு புள்ளிதான்.

ஊரவர் சொன்னது ஒருகாலத்தில் சரி. வெளிநாட்டு மூலத்திலிருந்து வெளிநாட்டு நாணயத்தில் உழைத்து வங்கியூடாக இலங்கைக்குக் கொண்டுவந்த வருமானத்துக்கு 2025 மார்ச் 31 வரை விலக்கு இருந்தது. 2025 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த வருமானத்துக்கும் வரி உண்டு. ஆனால் வங்கியூடாக வந்தால் உச்ச வீதம் 15 வீதம். தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாயாகக் கூடியதும் அதே திருத்தத்தில்தான்.

உங்கள் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். மாதம் 1,350 பவுண் என்றால் ஆண்டுக்கு 16,200. ஒரு பவுண் 400 ரூபாய் என்று பருமட்டாக வைத்தால் 64 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 18 இலட்சத்தைக் கழித்தால் வரிக்குட்படும் தொகை 46 இலட்சத்து 80 ஆயிரம். முழுவதும் வங்கியால் வந்தால் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், மீதிக்கு 15 வீதம். மொத்தம் 6,12,000 ரூபாய். அதே காசு வங்கியால் வராவிட்டால் சாதாரணப் படிநிலை: 6, 18, 24, 30, கடைசியில் 36 வீதம். மொத்தம் 12,04,800 ரூபாய். ஏறத்தாழ இரண்டு மடங்கு. உண்டியல்காரர் பவுணுக்கு ஐந்து பத்து ரூபாய் கூடத் தருகிறார் என்பதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது இந்த வித்தியாசத்தை. இன்னொன்று: காசை லண்டன் வங்கிக் கணக்கிலேயே விட்டுவிட்டால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே கொண்டுவராத காசுக்கு 15 வீத எல்லை கிடையாது. வரி மட்டும் இருக்கும். இந்தக் கணக்கு ஓய்வூதியத்துக்கு மட்டும் போட்டது. வைப்பு வட்டி சேர்ந்தால் மாறும். ஆகவே இதை உங்கள் இறுதித் தொகையாக எடுக்க வேண்டாம்.

இப்போது அந்தப் படிவம். வட்டியில் பிடிக்கும் வரி 2025 ஏப்ரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாகியது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பவர்கள் வங்கிக்குச் சுயபிரகடனம் கொடுத்தால் அதைப் பிடிக்க மாட்டார்கள். நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ வைப்பு வட்டியை மட்டும் நம்பிச் சீவிக்கும் ஒரு முதியவருக்கு அது நியாயமான சலுகை. ஓய்வூதியத்தோடு சேர்த்தால் உங்கள் வருமானம் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. “என் வருமானம் 18 இலட்சத்துக்குள்” என்று நீங்கள் கையொப்பம் வைத்தால் அது பொய்ப் பிரகடனம். வங்கியில் இருக்கும் பிள்ளை உங்களுக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் நீட்டியிருப்பார். அவருக்கு உங்கள் லண்டன் ஓய்வூதியம் முழுதாகத் தெரியாது. கையொப்பம் வைப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. பிடித்த 10 வீதம் வீண்போகாது. விவரத்திரட்டுக் கொடுக்கும்போது உங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

மகள் அனுப்பும் காசு வருமானம் அல்ல. பெற்றாருக்குப் பிள்ளை அனுப்பும் உதவிக்கு வருமான வரி இல்லை. இதையிட்டுத் தீவுப் பகுதியில் பலர் வீணாகப் பயந்துபோயிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஓய்வூதியமும் மகளின் காசும் ஒரே கணக்கில் கலந்து வந்தால், எது எது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். மகளின் காசுக்கு ஒரு தனிக் கணக்குத் திறவுங்கள்.

அடுத்தது லண்டனில் வெட்டும் வரி. இங்கேதான் உங்களை மனம் நொந்து ஏச வேண்டியிருக்கிறது. இலங்கைக்கும் ஐக்கிய இராச்சியத்துக்கும் இடையில் 1979 இல் செய்த இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கிறது. தனியார் வேலையால் கிடைத்த ஓய்வூதியத்துக்கு, பெறுபவர் வதியும் நாடு வரி எடுப்பதே அதன் வழி. கவுன்சில் போன்ற அரச சேவை ஓய்வூதியங்களுக்கு வேறு விதி. உங்களுடையது தனியார் தொழிற்சாலை என்பதால் அது பற்றி எழுதவில்லை. லண்டனில் வரியில்லாத எல்லை ஆண்டுக்கு 12,570 பவுண். உங்கள் 16,200 இல் மீதி 3,630 பவுணுக்கு 20 வீதம், அதாவது 726 பவுண் ஆண்டுதோறும் போகிறது. இலங்கை வதிவிடச் சான்றிதழோடு ஒப்பந்த விலக்குக் கோரி விண்ணப்பித்திருந்தால் இந்த வெட்டு நின்றிருக்கும். நீங்கள் விண்ணப்பிக்கவில்லை. 2019 இலிருந்து விண்ணப்பிக்கவில்லை. திருப்பிக் கேட்பதற்கு வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுதான் காலம். 2019-20, 2020-21 இரண்டும் கைவிட்டுப் போய்விட்டன. 2021-22 க்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 5. ஒவ்வோர் ஏப்ரலும் ஓர் ஆண்டின் காசு இப்படியே போகிறது, ஐயா. இது நீங்கள் இரவு வேலை செய்து சேர்த்த காசு.

“அங்கே வெட்டியதை இங்கே கழிக்கலாம்தானே” என்று நீங்கள் கேட்கக்கூடும். அங்கே சட்டப்படி செலுத்த வேண்டிய வரிக்குத்தான் இங்கே கழிவு கிடைக்கும். ஒப்பந்தப்படி அங்கே வெட்டக் கூடாத வரியை இங்கே கழிக்கக் கேட்டால், “அதை லண்டனில் போய்க் கேளுங்கள்” என்பார்கள். லண்டன் வீட்டு வாடகை வருபவர்களின் நிலை வேறு: வாடகைக்கு வீடு இருக்கும் நாடு வரி எடுக்கும், இங்கே அதற்குக் கழிவு கேட்கலாம். இன்னொரு எச்சரிக்கை. இலங்கையில் விலக்கு இருந்த ஆண்டுகளுக்கு நீங்கள் காசைத் திருப்பிக் கேட்கும்போது லண்டன் அதிகாரிகள் கேள்வி எழுப்பக்கூடும். அதற்குத் தாள்களோடுதான் பதில் சொல்லலாம்.

தாள்களோ உங்களிடம் இல்லை. பழைய கடவுச்சீட்டை எப்படித் தொலைத்தீர்கள்? புதியது எடுக்கும்போது பழையதின் மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள். அதைப் பயனற்றது என்று நினைத்து வீசிவிடுகிறார்கள். பிரித்தானியப் பிரசைகளுக்கு அந்நாட்டு விமான நிலையத்தில் முத்திரை குத்துவதில்லை; தானியங்கிக் கதவால் வந்துவிடுவீர்கள். ஆகவே எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பதற்குக் கையில் இருந்த ஒரே நல்ல சாட்சி கட்டுநாயக்க முத்திரைதான். வழக்கு முழுவதும் நாட்கணக்கில் நிற்கும்போது அந்த நாட்கணக்கையே தொலைத்துவிட்டு வருகிறீர்கள். ஊரில் காணி உறுதியைத் தகரப் பெட்டியில் பூட்டி, படகில் போனாலும் மடியில் வைத்துக் கொண்டுபோகும் நாங்கள், கடவுச்சீட்டையும் பி60 ஐயும் ஏன் அப்படி வைப்பதில்லை? குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் உங்கள் வருகை, புறப்பாடு விவரங்களைக் கேட்டு விண்ணப்பியுங்கள். விமானச் சீட்டு மின்னஞ்சல்கள் மகளிடம் இருக்கும், தேடச் சொல்லுங்கள். ஓய்வூதியம் கொடுக்கும் நிறுவனத்துக்கு எழுதி, ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு வெட்டினார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்களைக் கவிழ்க்கக்கூடிய விடயம். ஆடி தொடக்கத்திலிருந்து கார்த்திகை தொடக்கம்வரை எண்ணிப் பாருங்கள்: லண்டனில் ஏறக்குறைய 120 இரவு. பிரித்தானிய விதிப்படி, முந்தைய மூன்று வரி ஆண்டுகளில் அங்கே வதிவாளராக இல்லாத ஒருவர், ஒரு வரி ஆண்டில் 91 முதல் 120 இரவு வரை அங்கே தங்கினால், அந்நாட்டோடு மூன்று தொடர்புகள் இருந்தால்தான் அங்கும் வதிவாளர் ஆவார். 120 ஐத் தாண்டினால் இரண்டு தொடர்பு போதும். உங்களுக்கு இரண்டு இருக்கின்றன. மகள் வீட்டு மேல்மாடி அறையும் ஒரு தொடர்புதான். நெருங்கிய உறவினர் வீட்டில் 16 இரவு தங்கினாலே அது உங்களுக்கான தங்குமிடமாகக் கணக்கில் வரும். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒன்றில் 90 நாட்களுக்கு மேல் அங்கே இருந்தது மற்றது. விமானம் மலிவு என்று திரும்பும் பயணத்தை ஒரு கிழமை தள்ளிப்போட்டால் இரு நாட்டிலும் வதிவாளர் ஆகிவிடுவீர்கள். பிறகு எந்த நாட்டுக்கு உரியவர் என்று ஒப்பந்தத்தை விரித்து வைத்து வாதாட வேண்டிவரும். மனைவி உங்களோடு திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்கிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க அவர் அங்கேயே தங்கி, அங்கு வதிவாளர் ஆகிவிட்டால் அது மூன்றாவது தொடர்பு. அப்போது 91 இரவே போதும். பயணச் சீட்டுப் பதியுமுன் நாட்காட்டியை எடுத்து எண்ணுங்கள். 120 வரை போகாமல் சில நாட்கள் குறைத்தே வையுங்கள்.

கனடா, சுவிஸ், பிரான்சிலிருந்து புங்குடுதீவுக்கும் வேலணைக்கும் திரும்பியவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுக்க வேண்டாம். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் ஓய்வூதிய விதி வேறு. கனடாவிலிருந்து வருபவர்கள் வரிக்கு முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டும்: 18 வயதுக்குப் பிறகு 20 ஆண்டு அங்கே வதிந்திராவிட்டால், நாட்டைவிட்டு வந்து ஆறு மாதத்துக்குப் பிறகு முதியோர் காப்புக் கொடுப்பனவு நின்றுவிடும். குறைந்த வருமானத்துக்கான மேலதிகக் கொடுப்பனவு எத்தனை ஆண்டு வதிந்தவருக்கும் ஆறு மாதத்தோடு நிற்கும். தெரியாமல் வந்துவிட்டுக் கண்கலங்கி நின்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பிரித்தானிய அரச ஓய்வூதியம் நிற்காது. ஆனால் இலங்கையில் வதிபவருக்கு ஆண்டுக்காண்டு கூட்டித் தரமாட்டார்கள்.

பழைய ஆண்டுகளில் உண்டியலால் எடுத்த பாதிக் காசைப் பற்றி இங்கே விரிவாக எழுதமாட்டேன். அந்த விலக்கு வங்கியால் வந்த காசுக்கு மட்டுமே இருந்தது. உண்டியலில் வரிச் சட்டத்தோடு அந்நியச் செலாவணிச் சட்டமும் சேரும். அதைப் பற்றித் திணைக்களத்துக்கு நீங்களாகக் கடிதம் எழுத வேண்டாம், ஊர்ச் சங்கத்திலும் பேச வேண்டாம். சட்டத்தரணியிடம் நேரில் சொல்லுங்கள். இன்றைய தேதியிலிருந்து உண்டியலை நிறுத்துங்கள்.

டின் இலக்கம் எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்தில் கோப்புத் திறக்கலாம். இங்கே வரி ஆண்டு ஏப்ரல் 1 தொடக்கம் மார்ச் 31. லண்டனில் ஏப்ரல் 6 தொடக்கம் ஏப்ரல் 5. இரண்டு கணக்கையும் ஒரே தாளில் போட்டுக் குழப்ப வேண்டாம். தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. விலக்குப் போன முதல் ஆண்டான 2025/2026 க்கு விவரத்திரட்டுக் கொடுக்கக் கடைசி நாள் 2026 நவம்பர் 30. நீங்கள் லண்டனிலிருந்து இறங்கும் நேரமும் அதுதான். ஆகவே ஆடியில் புறப்படுமுன் எல்லாவற்றையும் ஆயத்தம் செய்யுங்கள்.

குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பேருந்து, யாழ் நகருக்கு ஒரு முழு நாள் என்று தெரியும். இருந்தாலும் தொலைபேசியில் முடிக்க முயல வேண்டாம். நான் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியிருக்கிறேன். ஓய்வூதியக் கடிதங்களையும் வங்கிக் கூற்றுகளையும் பார்க்கவில்லை. பார்த்தால் பதில் மாறலாம். வரி விடயம் செய்யும் ஒரு சட்டத்தரணியையோ பட்டயக் கணக்காளரையோ நேரில் சந்தியுங்கள். போகும்போது கைவசமுள்ள கடவுச்சீட்டும், 2025 ஏப்ரலிலிருந்து எல்லா வங்கிக் கூற்றுகளும், ஓய்வூதியம் தருபவர்களின் கடிதங்களும், வைப்பு வட்டிக்கு வரி பிடித்ததற்கான சான்றிதழும் கொண்டுபோங்கள். வங்கியில் கையொப்பம் வைத்த படிவம் இருந்தால், அதன் பிரதியையும்.