மனை அவருடையது, வீடு உங்களுடையது

ராயபுரம் வாசகிக்கு,

தாத்தா கட்டிய வீட்டைவிட்டு மனைக்காரர் எங்களைக் காலி பண்ண வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் அவர் நினைப்பதுபோல அவ்வளவு சுலபமாக இல்லை.

வாடகைச் சட்டத்தைத் தேடி அலையாதீர்கள். 1960-ஆம் வருடத்துப் பழைய சட்டமும் 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர்களுக்கானவை. நீங்கள் கட்டுவது அடிமனை வாடகை. உங்களுக்குரியது, வக்கீல்கள் ‘சிட்டி டெனன்ட்ஸ் ஆக்ட்’ என்று சொல்லும் 1921-ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை ஒழுங்காகக் கொடுத்தால் கிளப்பமாட்டார்கள் என்று நம்பி, அடுத்தவர் மனையில் வீடு கட்டியவர்களைக் காக்கவே வந்த சட்டம் அது. அமெரிக்காவில் மொபைல் ஹோம் வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான்: வீடு சொந்தம், தரை வாடகை. கலிபோர்னியாவில் அவர்களுக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. நாம் அந்த விஷயத்தில் அவர்களுக்கு வெகுகாலம் முந்தியவர்கள்.

1979-ஆம் ஆண்டுத் திருத்தம் அமலுக்கு வருமுன் தொடங்கிய மனைக் குத்தகைக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும். தாத்தா காலத்து ரசீதுகள் கைவசம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மனைக்காரர் வழக்குப் போடுமுன் எழுத்தில் மூன்று மாத நோட்டீஸ் தரவேண்டும். வீட்டுக்கும் வைத்த மரங்களுக்கும் எவ்வளவு நஷ்டஈடு தருவார் என்ற தொகையும் அதில் இருக்கவேண்டும்.

முக்கியமானது 9-ஆம் பிரிவு. கோர்ட் சம்மன் வந்த ஒரு மாதத்துக்குள், மனையை எனக்கே விற்கச் சொல்லுங்கள் என்று நீங்கள் மனுப் போடலாம். உங்கள் வசதிக்கு எவ்வளவு இடம் அவசியமோ அந்த அளவைக் கோர்ட் முடிவு செய்யும். உத்தரவுக்கு முந்தைய மூன்று வருடச் சந்தை மதிப்பின் சராசரிதான் விலை. தவணையும் கேட்கலாம். ஆனால் நீங்கள் அங்கே குடியிருக்கவேண்டும். வீட்டை வேறொருவருக்கு விட்டுவிட்டு மனையை மட்டும் கேட்டால் கிடைக்காது. அந்த ஒரு மாதத்தைக் கோட்டைவிட்டுப் பிறகு அழுதவர்கள் ஏராளம்.

திருவொற்றியூரில் உங்கள் தங்கை இருப்பது கோயில் மனை என்கிறீர்கள். அங்கே கதை வேறு. 1996-இல் வந்த திருத்தம், எந்த மதத்தைச் சேர்ந்த நிறுவனமானாலும் அதன் மனையை இந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு மயிலாப்பூர் கிளப்புடையது. 2005-இல் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பானது. கோயில் சொத்து சல்லிசாகக் கைமாறக்கூடாது என்பது நியாயமே. ஆனால் சீட்டாடும் கிளப்பையும் மூன்று தலைமுறையாகக் கூலிவேலை பார்க்கும் குடும்பத்தையும் ஒரே கத்தியால் வெட்டியது எனக்கு ஒப்பவில்லை.

தங்கைக்கு மிச்சமிருப்பது அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவு. வாடகையை மூன்று வருடத்துக்கொரு முறை ஒரு குழு நிர்ணயிக்கும். கூடுதல் என்று பட்டால் உத்தரவு கைக்கு வந்த முப்பது நாளுக்குள் ஆணையரிடம் அப்பீல் செய்யலாம். பாக்கி மட்டும் விழவிடக்கூடாது.

நீங்களும் அப்படித்தான். மனைக்காரர் வாடகை வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, திரும்பி வரும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்கவேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வக்கீல் இலவசம். சம்மன் வந்த அன்றே போங்கள்.