பருப்பு முதலில், சோறு பிறகு

சாப்பாடு குடலுக்குப் போனதும் அங்கே ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலினைத் தூண்டுவதும், இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணிப்பதும், போதும் என்று மூளைக்குச் சொல்வதும் அதன் வேலை. உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடும். அதே வேலையை வாரம் முழுவதும் செய்யும்படி வடிவமைக்கப்பட்ட மருந்துதான் செமக்ளூடைட். டிர்செபடைட் அதோடு ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. இரண்டும் வாரத்துக்கு ஒரு முறை வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் ஊசிகள்.

இந்தியாவில் டிர்செபடைட் 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரிலும், எடைக்குறைப்புக்கான செமக்ளூடைட் அதே ஆண்டு ஜூனில் வீகோவி என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தன. 2026 மார்ச்சில் செமக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமை முடிந்ததால், உள்நாட்டு நிறுவனங்களின் விலை குறைந்த ஊசிகளுக்கும் வழி திறந்தது. தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் போன்ற நடுத்தர வர்க்கக் குடியிருப்புகளில் இந்த ஊசி இன்று அந்நியமான பேச்சு அல்ல. மருந்தை எழுதித் தருவது மருத்துவர். அன்றாடம் மூன்று வேளையும் எதைத் தட்டில் வைப்பது என்ற கேள்வி வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுகிறது. அதற்கான விடை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். இங்கே பார்ப்பது கொல்கத்தாவில் வாழும் தமிழ் வீட்டுக்கான விடை.

தமிழ்ச் சாப்பாடு சோற்றைச் சுற்றிக் கட்டப்பட்டது. முதலில் சோறு, அதன் மேல் குழம்பு, பக்கத்தில் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் பொரியல், கடைசியில் மோர். வங்காளியின் தட்டிலும் பாத் என்னும் சோறுதான் நடுநாயகம். பசி நன்றாக இருக்கும் காலத்தில் இதில் குறையில்லை. இரண்டாம் சோறு, மூன்றாம் சோறு என்று போகும்போது பருப்பும் காயும் கூடவே உள்ளே போய்விடும். ஊசி போட்ட பிறகு நிலைமை வேறு. ஏழெட்டுக் கவளத்தில் வயிறு திம்மென்றாகிவிடும். அந்த ஏழெட்டும் சாம்பார் சோறாகவே இருந்தால் பருப்பும் தயிரும் காயும் தட்டிலேயே மிஞ்சும். எடை குறையும்; கூடவே தசையும் கரையும்.

இது வெறும் அச்சம் அல்ல. செமக்ளூடைட்டை 68 வாரங்கள் சோதித்து 2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. அதில் உடற்கூறு ஊடுகதிர் அளவீடு செய்யப்பட்டவர்களிடம், இழந்த எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொழுப்பு அல்லாத பகுதி. இந்திய உடலுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியமானது. 2004-இல் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையும் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவரின் உடல் நிறை குறியீடும் ஒரே 22.3தான். யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. பார்வைக்கு ஒல்லி, உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்ற இந்த அமைப்போடு ஊசியைத் தொடங்குபவர் இருக்கும் தசையைக் கோட்டைவிட முடியாது.

அதனால் முதல் மாற்றம் பரிமாறும் வரிசையில். பருப்பு, மீன், முட்டை, தயிர், சானா என்னும் திரித்த பால்கட்டி என்று புரதம் எதுவோ அது முதல் நான்கு கவளம். அடுத்து காய். சோறு கடைசியில், ஒரு சிறு கிண்ணம், இடமிருந்தால் மட்டும். கேட்க எளிது, செய்யக் கடினம். சோறில்லாமல் கெட்டிப் பருப்பைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவது தமிழ் நாக்குக்கு முதல் வாரம் ஒட்டாது. கூட்டின் பதத்தில், மிளகும் சீரகமும் தேங்காயும் அரைத்துவிட்டுச் செய்தால் இரண்டாம் வாரத்தில் பழகிவிடும்.

எவ்வளவு புரதம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். எடை வேகமாகக் குறையும் காலத்தில் 1.2 முதல் 1.6 கிராம் வரை உணவியலாளர்கள் கேட்கிறார்கள். 70 கிலோ எடை உள்ளவருக்கு 1.2 என்றாலே 84 கிராம் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான அளவை மருத்துவர்தான் சொல்லவேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம். உலர் பாசிப்பருப்பு 30 கிராமில் 7. ஒரு டம்ளர் பாலில் 6 அல்லது 7. ஒரு இட்லியில் 2 கிராம் தேறினால் பெரிது. இட்லியை நம்பிக் காலை உணவை ஓட்டியவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததும் முட்டைக்கோ பாசிப்பருப்பு அடைக்கோ மாறுவதுதான் வழக்கம்.

கொல்கத்தாவில் இருப்பவருக்கு இந்த இடத்தில் ஊரே துணை நிற்கிறது. லேக் கார்டன்ஸ், ஜோத்பூர் பார்க் பக்கத்துக் காலைச் சந்தைகளில் மீன்காரர் தரையில் அமர்ந்து, நிமிர்த்தி வைத்த அருவாள்மணையில் ரூயி மீனை இரண்டாகப் பிளந்து, பேட்டியா காதாவா என்று கேட்பார். பேட்டி வயிற்றுப் பக்கம். கொழுப்பு மிகுந்தது, முள் குறைவு, விருந்தாளிக்கு வைப்பது. காதா முதுகுப் பக்கம். முள் உண்டு, சதை கெட்டி, கொழுப்பு குறைவு. ஊசி போடுபவருக்குக் காதாதான் ஏற்றது. கொழுப்பு மிகுந்த உணவு ஏற்கெனவே மெதுவாக நகரும் இரைப்பையில் இன்னும் நெடுநேரம் தங்கிக் குமட்டும். முள்ளைப் பொறுக்கித் தின்னும்போது வேகமும் தானாகவே குறைகிறது. 100 கிராம் ரூயியில் 17 முதல் 20 கிராம் புரதம் உண்டு. சந்தையில் ஒரு துண்டு ஏறக்குறைய அந்த எடைக்கு வரும்; ஒரு வேளைக்கு ஒரு துண்டு போதும்.

சைவக்காரர்களுக்குச் சானா. அரை லிட்டர் பாலைக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சைச் சாற்றைத் துளித்துளியாக விட்டால் பால் திரிந்து பச்சை நிறச் சாயலில் நீர் பிரியும். மெல்லிய துணியில் வடிகட்டித் தண்ணீரில் அலசினால் ஒரு கை நிறையச் சானா, அதில் 12 அல்லது 13 கிராம் புரதம். அழுத்திப் பனீராக்க வேண்டாம். தளர்ந்த பதத்திலேயே உப்பு, மிளகுத்தூள், கறிவேப்பிலைத் தாளிப்பு சேர்த்துப் பொடிமாஸ் போலச் செய்தால் முட்டையைத் தொடாத வீட்டுக்குச் சரியான காலை உணவு. வடித்த நீரைக் கொட்டாமல் ரசத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பால் காய்ச்ச நேரமில்லாத நாளில் இனிப்புக் கடைகளில் எடைபோட்டே கிடைக்கும். இனிப்புக் கடைக்குப் போய்ச் சர்க்கரையில்லாமல் திரும்ப இந்த ஊரில் இப்படி ஒரு வழி இருப்பது பெரிய பாக்கியம்.

சைவமாகவே ஒரு நாளை இப்படி நிரப்பலாம்: காலையில் 60 கிராம் பாசிப்பருப்பை ஊறவைத்து அரைத்த இரண்டு சிறு அடைகள், பதினொரு மணிக்கு மோரில் கலக்கிய 30 கிராம் சாத்து மாவு, மதியம் சானாப் பொடிமாஸும் பருப்புக் கூட்டும் ஒரு கிண்ணம் தயிரும், இரவு 30 கிராம் சோயா உருண்டையைக் காயோடு வேகவைத்த குருமா, படுக்கப் போவதற்கு வெகுநேரம் முன்னே ஒரு டம்ளர் பால். புரதம் 70 கிராமை ஒட்டி வரும். சோறும் சப்பாத்தியும் இதற்கிடையே இரண்டு சிறு கிண்ணம், ஒரு சப்பாத்தி என்ற அளவில்தான் இடம் பிடிக்கும். வறுத்த கடலையை அரைத்த சாத்து, கொல்கத்தாத் தெருவோரத்தில் உழைப்பாளிகளின் காலை உணவு. வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சையோடு கரைத்துத் தருவார்கள். வீட்டில் மிளகாயை விட்டுவிடுவது நல்லது.

ஏழு நாளும் ஒரே மாதிரி இருக்காது. செமக்ளூடைட்டின் அளவு இரத்தத்தில் ஊசி போட்ட ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு மெல்ல இறங்குகிறது. வெள்ளி இரவு ஊசி என்றால் சனியும் ஞாயிறும் சாப்பாட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கும்; புதன், வியாழனில் பழைய பசியின் சாயல் எட்டிப்பார்க்கும். மருந்தின் அளவைக் கூட்டும் வாரத்தில் இது இன்னும் கடுமை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி சமைக்கும் வீட்டில் வெள்ளி ஊசி தோதுப்படாது. மருத்துவரைக் கேட்டு ஊசி நாளை மாற்றிக்கொள்வது சமையலையே மாற்றுவதைவிட எளிது.

உச்ச நாட்களுக்கு வங்காளச் சமையலில் அருமையான ஒன்று உண்டு. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு இங்கே வைத்துக்கொடுக்கும் பாத்லா ஜோல், அதாவது தண்ணீராக இருக்கும் மீன் குழம்பு. மஞ்சளும் உப்பும் தடவிய மீனை ஒரு தேக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் லேசாகப் புரட்டி எடுக்கவேண்டும். அதே எண்ணெயில் கருஞ்சீரகம் பொரிந்ததும் பப்பாளிக்காய், வாழைக்காய்த் துண்டுகளைப் போட்டு, இஞ்சியும் சீரகமும் அரைத்த விழுதைக் கரைத்துவிட்டு, காய் வெந்ததும் மீனைச் சேர்த்து ஐந்து நிமிடத்தில் இறக்கவேண்டும். வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் கிடையாது. ஆறவிட்டு வெதுவெதுப்பாகக் கொடுத்தால் சூட்டில் எழும் வாசனை அடங்கியிருக்கும். வாசனை குமட்டலைக் கூட்டும். தமிழ் வீட்டில் இதற்கு நிகர் மிளகு ரசத்தில் மசித்த பாசிப்பருப்பு, அல்லது மோர் ஊற்றிப் பிசைந்த குழைசோறு. இரண்டு தேக்கரண்டிதான் இறங்கியது என்றாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு.

பசியோடு தாகமும் மங்கிவிடுகிறது. கொல்கத்தாவின் மே மாதப் புழுக்கத்தில் இது ஆபத்து. சாப்பாட்டின்போது தண்ணீர் குடித்தால் இருக்கிற கொஞ்ச இடமும் போய்விடும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னும் பின்னும் வாய் வாயாகக் குடிப்பதே சரி. டாப் என்னும் இளநீர், உப்பிட்ட நீர்மோர், வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல். மலச்சிக்கல் பலரையும் தொடும் தொல்லை. லேக் மார்க்கெட்டில் தலைமுறைகளாகத் தமிழர்கள் வாங்கிவரும் வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை ஆகியவை அதற்கு உதவும். தண்ணீர் இல்லாமல் நார் மட்டும் சேர்ந்தால் சிக்கல் கூடும்.

மாலையில் தெருமுனையில் தேலேபாஜா என்னும் எண்ணெய்ப் பலகாரம் பொரியும். பேகுனி, ஆலூர் சாப், ஒரு கை முறி என்னும் பொரி. எண்ணெயில் பொரித்தது ஒன்று உள்ளே போனாலே இரவு முழுக்க அழுகிய முட்டை வாடையோடு ஏப்பமும் எதுக்களிப்பும் சிலருக்கு வரும். முறியும் வறுத்த வேர்க்கடலையும் போதும். இரவுச் சாப்பாட்டைப் படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்னே முடிப்பது இங்கே கடினம்; வங்காளி வீடுகளில் பத்து மணிக்குத்தான் தட்டு வைப்பார்கள். ஊசி போடுபவர் மட்டும் ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஒரு கிண்ணம் மோர் வைத்துக்கொண்டு உட்காரலாம். "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோம்மா, காத்தாட்டம் ஆயிட்டே" என்று அத்தையோ மாமியோ சொல்வார்கள். அன்பினால் சொல்வது அது. மறுப்பதைவிட, அந்தக் கரண்டியைக் கூட்டாகக் கேட்டு வாங்குவது இருவருக்கும் நிம்மதி.

பூஜைக் காலமும் விரதமும் தனிக் கவனம் கேட்பவை. அஷ்டமி போக் என்னும் படையலில் கிச்சுரியும் லாப்ரா என்னும் காய்க்கூட்டும் ஒரு சிறு தொன்னை அளவு வாங்கலாம். கிச்சுரியில் பருப்பு உண்டு. லூச்சி என்னும் பூரியும் பாயசமும் ஒரே வேளையில் வேண்டாம். ஏகாதசிப் பட்டினி இந்த மருந்தோடு சேரும்போது நீர் வற்றும். சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ இன்சுலினோ கூடவே எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்; விரதத்துக்கு முன் மருத்துவரிடம் அளவைப் பேசியே ஆகவேண்டும்.

சாப்பாட்டால் தீராத அறிகுறிகள் சில உண்டு. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழ் வலியும் காய்ச்சலும் பித்தப்பைக் கல்லைக் காட்டலாம். ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூட நிற்காத வாந்தியும் ஆபத்தின் அறிகுறிதான். இவற்றுக்குக் கஞ்சி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்வதும் அவசியம், ஏனென்றால் இரைப்பையில் உணவு தங்கியிருக்கக்கூடும்.

தசைக்குப் புரதம் பாதி, வேலை மீதி. லேக் கார்டன்ஸ் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றிக் காலையில் நடப்பவர்கள் ஏராளம். நடை இதயத்துக்கு நல்லது. தசையைக் காக்க எடை தூக்கவேண்டும், அல்லது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரவேண்டும். அதை முடித்து வந்ததும் முட்டையோ சானாவோ சாப்பிட்டால் அது நன்றாகப் பயன்படும்.

மருந்தை நிறுத்தினால் பசி திரும்பும். ஸ்டெப் 1 ஆய்வில் கலந்துகொண்டவர்களை நிறுத்திய பின் ஓராண்டு கவனித்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. மருந்தை நிறுத்திய பின் வரும் வாரங்களில் முதலில் ஏறுவது சோற்றுக் கிண்ணம்தான். குக்கரில் போடும் அரிசியை ஊசிக் காலத்தில் அளந்த அதே சிறு டம்ளரால் தொடர்ந்து அளப்பதும், பருப்பும் மீனும் முதலில் என்ற வரிசையை மாற்றாமல் வைத்திருப்பதும், வாரம் ஒரு நாள் எடை பார்ப்பதும் இரண்டு கிலோ ஏறும்போதே கண்டுபிடிக்க உதவும். அப்போது மருத்துவரைப் பார்த்தால், குறைந்த அளவில் மருந்தைத் தொடர்வதா, உணவோடு மட்டும் பார்ப்பதா என்று முடிவெடுக்க நேரம் இருக்கும்.