இரவு ஷிப்டுக்காரனிடம் சொல்லிவிட்டு வா

அன்பு மருமகனுக்கு,

கெர்த்தேயில் கான்டிராக்ட் கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் ஹெலிகாப்டர் ஏறி எண்ணெய் மேடைக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. பிறையில் பம்பும் வால்வும் கழற்றி மாட்டிப் பழகியவன் நீ, வேலை உனக்குப் புதிதில்லை. இடம்தான் புதிது. பிறையில் ஏதாவது ஆனால் கேட்டைத் தாண்டி ஓடலாம். அங்கே சுற்றிலும் கடல். கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீருக்கடியில் வெளியேறும் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. நீ பாதியில் விட்டுவிட்டு வரும் வேலை, அடுத்து வருகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1988 ஜூலை என்றால் பினாங்குக்காரர்களுக்குப் பட்டர்வொர்த் பெர்ரி ஜெட்டி இடிந்ததுதான் ஞாபகம் வரும். 32 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அதே மாதம் 6ஆம் தேதி, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை எரிந்து 167 பேர் செத்தார்கள். அது தொடங்கியது நம் மாதிரி ஆட்கள் செய்கிற வேலையில்.

அங்கே இரண்டு பம்புகள். 'ஏ' பம்பின் சேஃப்டி வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலை ஷிப்ட் மாறுவதற்குள் திருப்பி மாட்ட முடியவில்லை. திறந்திருந்த குழாய் வாயில் பிளைண்ட் ஃபிளேஞ்ச் வைத்துப் போல்ட் போட்டார்கள். ஆனால் கசியாத அளவுக்கு அது இறுகவில்லை. அந்தப் பம்பின் ஓவர்ஹாலுக்கு ஒரு பெர்மிட், வால்வுக்குத் தனியாக ஒரு பெர்மிட். இரவு பத்து மணி ஆவதற்குச் சற்று முன் 'பி' பம்பு நின்றது, மறுபடி ஓடவில்லை. இரவு ஷிப்டுக்காரர்கள் ஓவர்ஹால் பெர்மிட்டைப் பார்த்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லையே, 'ஏ'யை ஓட்டலாம் என்று நினைத்தார்கள். வால்வு இல்லாத சேதி அவர்களுக்கு வரவேயில்லை. வால்வின் இடமோ பம்புக்கு மேலே, நின்ற இடத்திலிருந்து கண்ணில் படாது. பம்பை ஓட்டினார்கள், வாயு பீறிட்டது.

அவர்களைத் தொழில் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு தகவல் கை மாறவில்லை, அவ்வளவுதான். லார்ட் கல்லன் விசாரித்து 1990இல் 106 பரிந்துரைகள் கொடுத்தார். இன்று பெர்மிட் விஷயத்தில் இத்தனை கெடுபிடி இருப்பதற்கு அந்த அறிக்கையும் ஒரு காரணம். ஆகவே பாரத்தில் கையெழுத்து கேட்டால் அலுத்துக்கொள்ளாதே, படிக்காமல் போடவும் போடாதே. ஷிப்ட் முடிந்து சாப்பிடப் போகிற அவசரத்தில் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு வராதே. அடுத்தவனைக் கையோடு கூட்டிப்போய், கழற்றிய இடத்தைக் காட்டிவிட்டு வா. உன் பூட்டைப் போட்டிருந்தால் சாவி உன் பையில் இருக்கட்டும்; எவ்வளவு வேண்டியவன் கேட்டாலும் கொடுக்காதே.

ஃபிளேஞ்ச் வேலையில் ஒன்றிரண்டு சொல்கிறேன். பிரித்த கேஸ்கெட்டை மறுபடி போடாதே. எட்டு போல்ட் என்றால் சாக்பீஸால் வரிசையாக நம்பர் எழுது. 1, 5, 3, 7, பிறகு 2, 6, 4, 8 என்று எதிரெதிராக முறுக்கு. முதல் சுற்றில் முழு டார்க்கில் முப்பது சதவீதம், அடுத்ததில் அறுபது, அதற்குப் பிறகே நூறு. கடைசியில் வரிசையாக ஒரு சுற்று வா. ஒரு போல்ட்கூட அசையக் கூடாது. ஒரே பக்கமாக இறுக்கினால் கேஸ்கெட் ஓரத்தில் நசுங்கும், பிரஷர் ஏறியதும் மறுபக்கம் கசியும். கழற்றும்போது கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்று நம்பிவிடாதே, முள் சிக்கியிருக்கலாம். டிரெய்ன் வால்வைத் திறந்து பார். காற்று வரும் பக்கமாக நின்று, உனக்கு எதிர்ப்பக்கத்து போல்ட்டை முதலில் தளர்த்து. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே விலகு. நாற்றம் நின்றுவிட்டது என்று திரும்பிப் போகாதே; ஹைட்ரஜன் சல்ஃபைட் அதிகமானால் மூக்கே மரத்துப்போகும்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு கவலையும் கூடவே வருகிறது. நீ கான்டிராக்ட் ஆள். "சார், இது சரியில்லை" என்று சொன்னால் அடுத்த ஷட்டவுனுக்குக் கூப்பிட மாட்டார்களோ என்று பயப்படுவாய். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தொழில் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி ஒன்றும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தைவிட்டு விலக உனக்கு உரிமை உண்டு. கத்தாதே, சண்டை போடாதே. பெர்மிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வால்வு, எந்த லைன் என்று குறிப்பாகச் சொல். ஒரு வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். அதுவரை உன் சாப்பாட்டுக்கும் அம்மா செலவுக்கும் நான் இருக்கிறேன்.

மெடிக்கல் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வா. டயல் கேஜில் அலைன்மென்ட் பார்க்கக் கற்றுத் தருகிறேன். அங்கே லேசர் கருவி இருக்கும். இருந்தாலும் பம்பின் கால் ஒன்று சரியாக உட்காராமல் இருந்தால் முள் எப்படி ஆடும் என்று நீ ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஷிம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாமா
ஜார்ஜ் டவுன்