புழக்கடைப் புகைவண்டி

இருப்புப்பாதை என்ற அளவில் நம் உள்ளத்தே தோன்றுவன நெடுந்தொடர் வண்டிகளும், ஆறுகளைக் கடக்கும் பாலங்களும், மலையைக் குடைந்த சுரங்கங்களுமேயாம். ஆயின், வீட்டின் பின்புறத்தே வாழைக்கும் மல்லிகைப் பந்தலுக்கும் இடையே, ஒரு சாண் உயரத்திற்கு மேற்படாத சிறுவண்டியொன்று ஓடுதற்கும் அதே இயற்கை விதிகளே துணையாகவும் பகையாகவும் நிற்கின்றன. வேலப்பன்சாவடியில் எங்கள் புழக்கடையிலுள்ள சிறு பாதையைச் செப்பனிட்டபோது யான் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்க விழைகின்றேன். யான் தமிழ் பயிலும் மாணவனேயன்றிப் பொறிநூல் கற்றவனல்லேன். ஆதலின் எளிய சொற்களாலேயே இதனை விளக்குவேன்.

சிறுமை கருதி இம்முயற்சியை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடலாகாது. 1836ஆம் ஆண்டிற் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சோதனைக்காகச் சிறியதோர் இருப்புப்பாதை இடப்பட்டது. அதன் பின்னரே, எங்கள் ஊருக்கு வடக்கேயுள்ள செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடுதற்கான கல்லைக் கொணரும் பாதை 1837ஆம் ஆண்டில் அமைந்தது. இந்தியாவின் முதல் இருப்புப்பாதை அதுவே. இராயபுரத்திலிருந்து ஆவடி வழியாக வாலாசாவுக்குப் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாளில். ஆகவே, இந்நாட்டின் இருப்புப்பாதை வரலாறே ஒரு சிறு சோதனையிலிருந்து கிளைத்ததென்னலாம். இங்கிலாந்தில் டெர்பிஷயர் நாட்டுச் சர் ஆர்தர் ஹேவுட் என்பார் 1874ஆம் ஆண்டிலே தம் இல்லத்தைச் சார்ந்த நிலத்தில் 15 அங்குல அகலமுள்ள பாதையை இடத் தொடங்கினார். பண்ணைகளுக்கும் பெருமாளிகைகளுக்கும் இத்தகைய சிறு பாதையே போதுமென்று காட்டுவது அவர் நோக்கம். 1896ஆம் ஆண்டில் ஈட்டன் மாளிகையில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனுக்காக அவர் அமைத்த பாதை, தோட்டத்திற் கண்ட பாடத்தின் பயனேயாம்.

குவாலியர் அரண்மனையில் உணவு மேசையின் மீது ஓடும் வெள்ளி வண்டியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பர். அவ்வண்டிக்கு மழையில்லை, வெயிலில்லை, எறும்புமில்லை. புழக்கடை வண்டிக்கோ இம்மூன்றும் நாள்தோறும் வரும் விருந்தினர்.

எங்கள் பாதையை இட்டவர் என் தாயைப் பெற்ற தாத்தா. 1955ஆம் ஆண்டிற் பெரம்பூரில் தொடங்கப்பெற்ற பெட்டித் தொழிற்சாலையிலே நெடுங்காலம் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளங்களின் இடைவெளி 45 மில்லிமீட்டர். நீளம் ஒரு சுற்றுக்கு 28 மீட்டர். தமிழ்நாடெங்கும் முன்னர் பரவியிருந்த மீட்டர் பாதையை 22 1/2இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ இவ்வளவு வரும். நீலகிரி வண்டி இன்றும் ஓடுவது அம்மீட்டர் பாதையிலேயாம். மரத்தாலும் தகரத்தாலும் தாத்தா தம் கையாலேயே செய்த பெட்டிகள் மூன்று. நிலையத்தின் பெயர்ப்பலகையிற் 'சாவடி' என்று மட்டும் எழுதியிருந்தார். வழிச்செல்வோர் தங்குமிடத்திற்குச் சாவடி என்பது பெயராதலின் அஃது எவ்வூர் நிலையத்திற்கும் பொருந்துமென்பது அவர் வாதம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் மிக்ஜாம் புயலோடு வந்த பெருமழை எங்கள் புழக்கடையில் மூன்று நாள் தேங்கி நின்றது. நீர் வடிந்தபின் பார்த்தால் பாதை பாம்புபோல் நெளிந்து கிடந்தது. ஒருபுறம் நான்கு விரல் தாழ்ந்திருந்தது. அவ்வாண்டிற்றானே தாத்தாவின் கண்பார்வையும் மங்கியது. "போதும் தம்பி, தண்டவாளத்தைக் கழற்றி யாருக்காவது கொடுத்துவிடு" என்றார். அடுத்த மழைக்காலம் வரையிற் பொறுக்குமாறு வேண்டினேன், அவரும் இசைந்தார்.

முதலில் யான் செய்தது பிழை. வண்டி தடம்புரள்வதையும் மேட்டிலே திணறுவதையும் கண்டு, குற்றம் இயந்திரத்தினுடையதென்று துணிந்து, வலிமை மிக்க வேறோர் இயந்திரம் வாங்கப் பணம் சேர்க்கலானேன். தாத்தா, ஒரு பெட்டியைக் கையில் வாங்கி அதன் சக்கரங்களைத் தடவிப் பார்த்து, "இதில் குறையில்லை. நான் பெட்டி கட்டியவன், பாதை போட்டவனல்லன். குறை நான் போட்டதில்தான் இருக்கும், கீழே பார்" என்றார். அச்சொல்லே எனக்குப் பாடமாயிற்று.

கீழே பார்த்தபோது முதற்கண் தெரிந்தது நீரின் வழி. தாத்தா மெல்லிய சிமெண்டுக் காரைப் பட்டையொன்றை இட்டு அதன்மேல் தண்டவாளத்தை ஆணியால் இறுக்கியிருந்தார். எங்கள் நிலமோ களிமண். களிமண் நீருண்டால் உப்பும்; காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதன்மேற் கிடந்த பட்டை அவ்வசைவிற்கு ஈடுகொடாது பல இடங்களிற் பிளந்துவிட்டது. அன்றியும், பட்டையே சிற்றணையாகி மழைநீரை ஒரு புறத்தே தடுத்து நிறுத்தியது. எனவே, பட்டையைப் பெயர்த்தெடுத்து, ஒரு சாண் ஆழமும் ஒரு முழ அகலமுமாகப் பள்ளந் தோண்டி, அதன் அடியைத் தெருவோரக் கால்வாயை நோக்கிச் சரிவாக்கினோம். அடியிலே துளையிட்ட குழாயொன்றும், அதன்மேற் செங்கல் உடைசலும், அதற்கு மேலே காலங்குலச் சல்லியும் நிரப்பினோம். தண்டவாளம் இப்போது எதனோடும் இறுக்கப்படாமற் சல்லியின் மேலே மிதந்து கிடக்கின்றது. பெரிய பாதைகளிலும் சல்லியின் வேலை இதுவே. அது நீரை வடியவிடும், சுமையைப் பரப்பும், தாழ்ந்த இடத்தை மீண்டும் உயர்த்த இடங்கொடுக்கும்.

சல்லியிலும் ஒரு நுட்பமுண்டு. ஆற்றுக் கூழாங்கல் பார்வைக்கு அழகியது. ஆயின் உருண்டையாதலின் ஒன்றன்மேலொன்று நழுவும். உடைத்த கருங்கல்லோ கூரிய முனைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முதலிற் கூழாங்கல்லை இட்டுப் பின் அள்ளியெடுத்த எனக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கிற்று.

இரண்டாவது, ஏற்றம். மாமரத்து வேர்மேட்டைக் கடக்கப் பாதை 3 மீட்டர் தொலைவுக்குள் 12 செண்டிமீட்டர் உயர்ந்தது. அஃதாவது 25க்கு ஒன்று. நீலகிரிப் பாதையிற் செங்குத்தான இடத்தில் 12 1/2க்கு ஒன்று ஏறுகின்றதே என்று கேட்கலாம். ஆங்குத் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் உண்டு. இயந்திரத்தின் பற்சக்கரம் அதனைக் கவ்வி ஏறும். பற்சட்டமில்லாத வழியிற் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள உராய்வே கதி. எனவே நீர் நிறைத்த குழாயால் மட்டம் பார்த்து, அதே 12 செண்டிமீட்டரை 6 மீட்டர் தொலைவிற் பரப்பி, 50க்கு ஒன்றாகத் தணித்தோம். திணறிய அதே பழைய இயந்திரம் மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஏறிற்று. பணம் சேர்த்த உண்டியல் வேறு நற்பயனுக்காயிற்று.

மூன்றாவது, வளைவு. இவ்வகைப் பாதைகளுக்குக் கடையிற் கிடைக்கும் மிகக் குறுகிய வளைவின் ஆரம் 60 செண்டிமீட்டர். இடம் மிச்சமென்று அதனைக் கொண்டால் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தை உரசி வண்டியைப் பின்னிழுக்கும். இடமுள்ளவர் அதனினும் இருமடங்கு ஆரங்கொள்வது நலம்.

நான்காவது, வெயில். பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டர் நீளமுடையதாயின், 30 பாகை வெப்பம் மிகும்போது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாது நெருக்கினால் சித்திரை வெயிலிற் பாதை பக்கவாட்டில் வளைந்துவிடும். ஆதலின் குளிர்ந்த காலையிற் பாதையிடுவோர் ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது இடம் விடல் வேண்டும்.

ஐந்தாவது, மின்னோட்டம். எங்கள் வண்டி தண்டவாளத்தின் வழியாகவே மின்சாரம் பெறுவது. இணைப்புகளிற் களிம்பேறினால் அது தொலைவிற் செல்லச்செல்லக் குன்றும். வண்டி ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் தளர்ந்தும் ஓடுவதற்குக் காரணம் இதுவே. ஒரே இடத்தில் இணைத்திருந்த கம்பியை மூன்றிடங்களில் இணைத்தபின் அக்குறை நீங்கிற்று. இவ்வளவு செய்தும், நாள்தோறும் வேப்பிலைச் சருகைப் பெருக்குவதும், தண்டவாளத்தின் முகத்தைத் துணியாற் துடைப்பதும் தவிர்க்கலாகாத கடமைகள்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயலின் மழை வந்தது. இரவெல்லாம் குழாயின் வாயிலில் நீர் சலசலத்து வடியும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மழை விட்ட மறுநாட் காலையில், தாத்தா நாற்காலியைப் பாதையருகே இடச்சொல்லி அமர்ந்தார். மாமரத்தடியில் ஓரிடம் விரலளவு தாழ்ந்திருந்தது. சல்லியைக் குத்தி உயர்த்த ஒரு நாழிகையும் ஆகவில்லை. வண்டியை விட்டேன். அவர் கண்ணாற் பார்த்ததினும் காதாற் கேட்டதே மிகுதி. மூன்றாஞ் சுற்றில், "மேட்டில் ஓசை மாறவில்லையே" என்றார். ஒன்பது சுற்று முடிந்தபின், "கழற்ற வேண்டா, இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே சென்றார்.

இனி யாரேனும் இத்தகைய பாதை அமைக்க விரும்பின், இயந்திரத்திற்கென வைத்த பொருளிற் பாதியை முதலில் மண்ணுக்கும் கல்லுக்கும் ஒதுக்குக. ஒரு மழைக்காலம் முழுதும் வெற்று நிலத்தில் நீர் எவ்வழிச் செல்கின்றதென்று நோக்கி, அதன்பின் தண்டவாளத்தைக் கையிலெடுக்க. எங்கள் மாமரத்தின் வேர் ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே வருகின்றது; வரும் கோடையில் அவ்வளைவை ஒரு முழம் தள்ளி இடல் வேண்டும். அவ்வேலைக்குத் தாத்தா இப்பொழுதே நாள் குறித்துவிட்டார்.